சர்க்கரை, இரத்த அழுத்தம், முதுமை மறதி: குடும்பத்தார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, மறதி நோய் உள்ள பெரியவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தார் மாதந்தோறும் கூடும் சிறு கூட்டம் ஒன்றை நடத்தி வருகிறேன். அங்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கையில் ஒரு சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டும் இருக்கும். அவர்களுடைய ஐயங்கள் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால், அவற்றை எழுதி வைத்தால் கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்கும் பயன்படும் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். மருந்தையோ அதன் அளவையோ மாற்றும் பொறுப்பு மருத்துவருடையது. அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று அறிந்துகொள்ள இந்தப் பதில்கள் உதவும்.

1. வயசானா எல்லாருக்கும் மறதி வரத்தானே செய்யும்? இதுல நோய்னு சொல்ல என்ன இருக்கு?

கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவதும், தெரிந்தவரின் பெயர் சட்டென்று நாவுக்கு வராமல் சிறிது நேரம் கழித்து நினைவுக்கு வருவதும் முதுமையின் இயல்பு. நாற்பது ஆண்டுகள் வைத்துப் பழகிய சாம்பாரில் எதற்குப் பின் எதைப் போடுவது என்று தடுமாறுவதும், தினமும் போய்வந்த ரேஷன் கடையிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பதும், சில்லறைக் கணக்கில் திரும்பத் திரும்பத் தவறுவதும் இயல்பானவை அல்ல. அன்றாட வேலையைத் தனியே செய்துகொள்ளும் திறனைக் குலைக்கும் மறதியையே டிமென்ஷியா என்கிறோம். அது பல நோய்களுக்கான பொதுப்பெயர். அல்சைமர் நோயும், மூளையின் இரத்தக் குழாய்கள் பழுதடைவதால் வரும் மறதியும் அவற்றுள் முதன்மையானவை. முதியோரிடையே நாடு தழுவி நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாகக் கணித்தது.

2. 'மெட்டபாலிக் பிரச்சனை'ன்னு டாக்டர் எழுதியிருக்காரு. சுகர்தானே அது?

சர்க்கரை அதன் ஒரு பகுதி. உண்ட உணவை உடல் எரிபொருளாக்கிப் பயன்படுத்தும், சேமிக்கும் முறைக்கு வளர்சிதை மாற்றம் என்று பெயர். அது கோளாறானால் ஐந்து இடங்களில் தெரியும்: இடுப்புச் சுற்றளவு, வெறும் வயிற்றுச் சர்க்கரை, இரத்த அழுத்தம், டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு, எச்டிஎல் என்னும் நல்ல கொழுப்பு. இவற்றில் மூன்று கெட்டிருந்தால் மருத்துவர்கள் 'மெட்டபாலிக் சிண்ட்ரோம்' என்று குறிப்பார்கள். நம்மவர்களுக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லை ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எனக் கொள்ளப்படுகிறது. ஐரோப்பியர்களுக்கு வைத்த அளவைவிட இது குறைவு. தோற்றத்தில் ஒல்லியாக இருந்து வயிறு மட்டும் முன்தள்ளியிருக்கும் உடல்வாகு நம்மிடையே மிகுதி என்பதால், எடை இயந்திரத்தை மட்டும் நம்பாமல் அளவு நாடாவையும் எடுத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

3. சுகர் கணையத்துல வர்ற நோய். அதுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்?

உடல் எடையில் இரண்டு சதவீதமே உள்ள மூளை, உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. அந்த ஆற்றல் முழுவதும் தலைமயிரைவிட மெல்லிய இரத்தக் குழாய்கள் வழியாகவே சென்று சேர வேண்டும். ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் உயர் சர்க்கரையும் உயர் அழுத்தமும் அக்குழாய்களின் சுவரைத் தடிக்கச் செய்து உள்வழியைக் குறுக்குகின்றன. கண்ணின் விழித்திரையிலும் சிறுநீரகத்திலும் சர்க்கரை நோய் செய்யும் அதே அழிவு மூளையிலும் நடக்கிறது. கை கால் விழாமலேயே, யாரும் அறியாமலேயே சிறு சிறு பக்கவாதங்கள் நிகழ்ந்திருப்பதை எம்ஆர்ஐ படத்தில் பார்த்துத் திகைத்த குடும்பங்கள் பல.

இரண்டாவது வழி இன்சுலினைச் சார்ந்தது. மூளையில் இன்சுலின் நரம்பணுக்களுக்கு இடையிலான தொடர்புகளைக் காக்கிறது. நினைவு பதிவதில் அதற்குப் பங்குண்டு. உடல் இன்சுலினுக்குச் செவிசாய்க்காத நிலையில் இந்தப் பணியும் நலிகிறது. மேலும், இன்சுலினைச் சிதைக்கும் நொதியே அல்சைமர் நோயில் படியும் அமிலாய்டு புரதத்தையும் சிதைக்கிறது. இன்சுலின் மிகையாக ஓடும் உடலில் அந்த நொதி இன்சுலினுக்கே செலவாகி, அமிலாய்டு தேங்க இடமாகலாம் என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் ஒரு கருத்து. இது இன்னும் முற்ற நிறுவப்பட்டதன்று; முதல் வழிக்கு உள்ள சான்று இதைவிட வலுவானது.

இரு வழிகளும் சேரும்போது விளைவு கூடுகிறது. அமெரிக்கக் கன்னியர் மடங்களைச் சேர்ந்த சகோதரிகள் தங்கள் மூளையை இறப்புக்குப் பின் தானம் செய்த புகழ்பெற்ற ஆய்வொன்றில், அல்சைமர் படிவுகள் இருந்தவர்களுள் சிறு பக்கவாதத் தழும்புகளும் இருந்தவர்களே வாழ்நாளில் மிகுதியாக மறதிக்கு ஆளாகியிருந்தார்கள் என்பது 1997இல் தெரியவந்தது. படிவுகளைத் தடுக்க நம்மிடம் இன்று எளிய வழி இல்லை. தழும்புகள் ஏற்படாமல் தடுக்க வழி இருக்கிறது.

4. அம்மாவுக்கு இருபது வருஷமா சுகர். அவங்களுக்கு மறதி நோய் வந்தே தீருமா?

வந்தே தீரும் என்பது தவறு. நெதர்லாந்தின் ராட்டர்டாமில் முதியோரைத் தொடர்ந்து கவனித்து 1999இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை உள்ளவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்று கண்டார்கள். ஜப்பானின் ஹிசாயாமா என்னும் சிற்றூரில் 60 வயதைக் கடந்த 1,017 பேரை 15 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்விலும் இதையொட்டிய முடிவே கிடைத்தது. 'இரு மடங்கு' என்ற சொல் அச்சமூட்டும். ஒரு கணக்குக்காகச் சொன்னால், சர்க்கரை இல்லாத 100 பேரில் 5 பேருக்கு வரும் நோய், சர்க்கரை உள்ள 100 பேரில் 10 பேருக்கு வருகிறது. மீதி 90 பேருக்கு வருவதில்லை.

எத்தனை ஆண்டுகளாகச் சர்க்கரை இருக்கிறது என்பதைவிட, அது எந்த வயதில் தொடங்கியது என்று நான் முதலில் கேட்பேன். லண்டன் அரசு ஊழியர்களை 1985 முதல் தொடரும் 'வைட்ஹால்' ஆய்வு 2021இல் சொன்னது இது: 70 வயதில் இருப்பவர்களை ஒப்பிட்டால், சர்க்கரை நோய் ஐந்தாண்டு முன்னதாகத் தொடங்கிய ஒவ்வொரு படிக்கும் மறதி நோயின் வாய்ப்பு 24 சதவீதம் கூடுகிறது. அறுபத்தைந்துக்கு மேல் தொடங்கியவர்களிடம் அவ்வளவு கூடுதல் காணப்படவில்லை.

5. எனக்கு 48 வயசுதான் ஆகுது. மறதி அப்பாவுக்கு. நான் இப்பவே ஏன் கவலைப்படணும்?

ஏனெனில் இந்தப் பக்கத்தில் எழுதியிருப்பதில் பெரும்பகுதி உங்களுக்கானது. மூளையில் மாற்றங்கள் தொடங்குவது அறிகுறி தெரிவதற்குப் பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன்பே என்பதால், உங்கள் தந்தையின் நோய்க்கு விதை விழுந்தது அவர் உங்கள் வயதையொட்டி இருந்தபோதாக இருக்கலாம். அதே வைட்ஹால் ஆய்வில், 50 வயதில் மேல் அழுத்தம் 130 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மறதி நோய் அதிகம் வந்தது. 140 வரை 'பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடும் வழக்கம் நம்மிடையே உள்ளதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024இல் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டு, அவை அனைத்தையும் நீக்க முடிந்தால் உலகில் மறதி நோயின் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று மதிப்பிட்டது. சர்க்கரை, இரத்த அழுத்தம், உடற்பருமன், நடுவயதில் மிகும் எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பு, உடலுழைப்பின்மை ஆகியவை அதில் உள்ளன. எல்டிஎல் கொழுப்புக்கும் கவனிக்காமல் விட்ட காது கேளாமைக்கும் தலா 7 சதவீதப் பங்கு தரப்பட்டிருக்கிறது. காதைப் பற்றி இங்கே பேசுவது விலகலாகத் தோன்றலாம். ஆனால் காதுக்கருவி வாங்கி அலமாரியில் வைத்திருக்கும் பெரியவர்கள் இல்லாத தெருவே இல்லை.

தமிழ்நாட்டில் பெரியவர்களிடையே சர்க்கரை நோய் 14.4 சதவீதம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான கணக்கெடுப்பு கூறுகிறது. இந்தியா முழுவதற்குமான அளவு 11.4 சதவீதம்.

6. எனக்கு சுகர் இல்லை, 'பார்டர்'லதான் இருக்குன்னாங்க. அப்ப தப்பிச்சேன்தானே?

எல்லைக்கோட்டுக்குக் கீழே ஆபத்தே இல்லை என்று கொள்ள இயலாது. அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், சர்க்கரை நோய் இல்லாத முதியோரிடையேகூட, சராசரிச் சர்க்கரை 100 இருந்தவர்களைவிட 115 இருந்தவர்களுக்கு மறதி நோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடுதலாக இருந்தது. சிறிய ஏற்றம்தான், அஞ்ச வேண்டியதில்லை, கவனிக்க வேண்டியது. மேலே சொன்ன ஹிசாயாமா ஆய்வில், வெறும் வயிற்று அளவைவிட, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த அளவே மறதியோடு நெருங்கிய தொடர்பு காட்டியது. காலையில் வெறும் வயிற்றோடு மட்டும் இரத்தம் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் திரும்புகிறவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

7. அப்படின்னா சுகரை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நல்லதுன்னு சொல்லுங்க!

இல்லை. இந்த இடத்தில்தான் அன்புமிக்க குடும்பங்கள் தவறுகின்றன. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவை 6க்கும் கீழே கொண்டுவர முயன்ற 'அக்கார்டு' என்னும் பெரிய அமெரிக்க–கனடா ஆய்வில், கடுமையாகக் குறைக்கப்பட்ட பிரிவில் இறப்பு அதிகரித்ததால் அந்தச் சிகிச்சையை 2008இல் இடையிலேயே நிறுத்தினார்கள். அதன் கிளையாக நினைவுத்திறனை அளந்தவர்கள், 40 மாத முடிவில் இரு பிரிவினருக்கும் இடையே வேறுபாடு இல்லை என்று 2011இல் அறிவித்தார்கள். மூளையின் பருமன் சிறிது காக்கப்பட்டிருந்தும் சிந்தனைத் திறனில் அது வெளிப்படவில்லை.

ஆகவே வயதைப் பொறுத்து இலக்கு மாறுகிறது. நாற்பது ஐம்பதுகளில் கண்டிப்பு தேவை. வேறு பெரிய நோய் இல்லாத, தெளிந்த நினைவுள்ள முதியவருக்கு 7 முதல் 7.5 வரை போதும். பல நோய்களோ மறதியோ உள்ளவருக்கு 8க்குக் கீழே இருந்தால் போதும் என்று சர்க்கரை நோய் வழிகாட்டுதல்களே கூறுகின்றன. எண்பது வயது மறதி நோயாளியின் சீட்டில் '6.1' என்று பார்த்து மகிழும் பிள்ளைகளிடம், அந்த எண்ணை மருத்துவரிடம் உடனே காட்டச் சொல்வது என் வழக்கம். காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

8. அம்மா விடிகாலை மூணு மணிக்கு எழுந்து சம்பந்தமில்லாம பேசினாங்க, உடம்பெல்லாம் வேர்த்துச்சு. மறதி முத்திப் போச்சா?

முதலில் சர்க்கரை அளவைப் பாருங்கள். திடீர்க் குழப்பம், வியர்வை, நடுக்கம், படபடப்பு, காரணமில்லாக் கோபம் ஆகியவை சர்க்கரை தாழ்ந்துபோனதன் அடையாளங்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால், விழிப்போடு விழுங்கக்கூடியவருக்கு மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும்; பிறகு சிறிது உணவு தர வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐ அழையுங்கள்.

என் தாயாருக்கு இப்படி நிகழ்ந்தபோது, முப்பது ஆண்டுகள் மருந்து எடுத்துக் கொடுத்த நானே அதை மறதியின் பிதற்றல் என்று எண்ணி இரண்டு இரவுகளைக் கடத்தினேன். மூன்றாம் இரவில் குளுக்கோமீட்டர் 48 காட்டியது. இரவு உணவை உண்ணாமலே, உண்டதாக நினைத்து மாத்திரையை மட்டும் விழுங்கியிருக்கிறார். இன்றும் அந்த இரண்டு இரவுகள் என் மனத்தை விட்டு அகலவில்லை. அதனாலேயே இந்தப் பதில் நீள்கிறது.

இது ஒரு நச்சுச் சுழல். மறதியால் மாத்திரையை இருமுறை போடுவதும் உணவைத் தவறவிடுவதும் சர்க்கரையைத் தாழ்த்துகின்றன. தாழ்ந்த சர்க்கரை மூளையை மேலும் காயப்படுத்துகிறது. கலிபோர்னியாவில் 16,667 சர்க்கரை நோயாளிகளைத் தொடர்ந்து 2009இல் வெளியான ஆய்வில், தாழ்சர்க்கரையால் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை மருத்துவமனைக்குச் சென்றவர்களுக்கு மறதி நோய் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. இன்சுலினும், கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகளும் இதை அதிகம் உண்டாக்குபவை. ஏகாதசி, சஷ்டி விரதமோ ரமலான் நோன்போ இருக்கும் பெரியவர்கள் மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

9. பிரஷரையும் அதே மாதிரி கொஞ்சம் விட்டுப்பிடிக்கலாமா?

இங்கே சான்று சற்று வேறுபடுகிறது. மேல் அழுத்தத்தை 140க்குக் கீழே வைப்பதையும் 120க்குக் கீழே வைப்பதையும் 9,000க்கு மேற்பட்டவர்களிடம் ஒப்பிட்ட 'ஸ்பிரிண்ட்' ஆய்வில், கடுமையாகக் குறைக்கப்பட்டவர்களிடம் மறதியின் முன்நிலை 19 சதவீதம் குறைவாக இருந்தது என்று 2019இல் தெரிந்தது. முழு மறதி நோயும் குறைவாகக் காணப்பட்டாலும், அந்த வேறுபாடு உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. மேலும் அந்த ஆய்வில் சர்க்கரை நோயாளிகளைச் சேர்க்கவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவருக்குச் சர்க்கரையும் இருந்தால் அதன் எண்ணை அப்படியே பொருத்த முடியாது.

நடைமுறையில் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: உட்கார வைத்தும், எழுந்து நின்றபின்னும் அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நிற்கும்போது சடாரென்று இறங்குகிறவர் குளியலறையில் விழுந்து தலையில் அடிபட்டால், காக்க நினைத்த மூளையையே இழக்கிறோம்.

10. அப்பாவுக்கு மாத்திரை கூட்டாமலே சுகர் குறைஞ்சிருக்கு, எடையும் இறங்கியிருக்கு. நல்ல அறிகுறிதானே?

முயற்சி ஏதுமின்றிக் குறைந்திருந்தால் நல்ல அறிகுறி என்று கொள்ளாதீர்கள். மறதி நோய் வெளிப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே உடல் எடையும் இரத்த அழுத்தமும் இறங்கத் தொடங்குவதுண்டு. பசியும் சுவையும் குறைவதும், சமைக்கவும் உண்ணவும் மறப்பதும் அதற்குக் காரணம். 'வயதான காலத்தில் குண்டாக இருப்பவர்களுக்கு மறதி குறைவு' என்று சில ஆய்வுகள் சொன்னதும் இதனால்தான்: நோய் ஏற்கெனவே உள்ளே தொடங்கியவர்கள் மெலிந்துவிட்டதால், மெலிவே நோயைத் தந்தது போலத் தோன்றியது. நடுவயதுப் பருமன் தீங்கு என்பதும், முதுமையில் தானாக மெலிவது எச்சரிக்கை என்பதும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல.

சிறுநீரகம் தளர்ந்தாலும் மாத்திரை உடலில் நெடுநேரம் தங்கிச் சர்க்கரையைத் தாழ்த்தும். எனவே எடை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இரண்டையும் பார்த்து, 8ஆம் பதிலில் சொன்ன ஆபத்தை மனத்தில் கொண்டு மருந்தைக் குறைக்கலாமா என்று கேளுங்கள்.

11. கொழுப்பு மாத்திரை போட்டா ஞாபகம் போயிடும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012இல் ஸ்டாட்டின் என்னும் கொழுப்பு மாத்திரைகளின் உறைகளில், சிலருக்கு மறதி அல்லது குழப்பம் ஏற்பட்டதாகவும், நிறுத்தினால் அது நீங்கியதாகவும் குறிப்பு சேர்க்கச் செய்தது. அந்தக் குறிப்பே இப்படித் திரிந்து உலவுகிறது. அம்மாத்திரைகள் மறதி நோயை உண்டாக்குவதாகப் பெரிய ஆய்வுகள் எதுவும் காட்டவில்லை. மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர் இச்செய்தியை நம்பித் தாமாக நிறுத்துவது பேராபத்து.

12. மெட்பார்மின்?

சர்க்கரைக்கான இந்த மாத்திரையை நெடுநாள் எடுப்பவர்களில் சிலருக்கு வைட்டமின் பி12 குறைகிறது. பி12 குறைபாடே மறதியையும் கால் மரப்பையும் தரும். ஊசியாலும் மாத்திரையாலும் சரிசெய்யக்கூடிய மறதி இது. சைவ உணவு உண்பவர்களுக்கு இக்குறை இன்னும் எளிதில் வரும். தைராய்டு பரிசோதனையோடு பி12 அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

13. அல்சைமரே 'மூணாவது வகை சுகர்'தானாமே? எடை குறைக்கிற புது மருந்து அதுக்கும் கேட்குமாமே?

'மூன்றாம் வகை' என்பது 2005இல் சில அமெரிக்க ஆய்வாளர்கள் பயன்படுத்திய சொல். மருத்துவம் அதை ஒரு நோயாக ஏற்கவில்லை. அல்சைமர் சர்க்கரையே என்றால், சர்க்கரை மருந்து அதைக் குணப்படுத்த வேண்டும். முயன்று பார்த்தார்கள். மூக்கின் வழியே இன்சுலின் செலுத்திய ஆய்வு பயன் தரவில்லை. பயோகிளிட்டசோன் மாத்திரையும் தரவில்லை. எடை குறைக்கும் செமாகுளுட்டைடு மருந்தைத் தொடக்கநிலை அல்சைமர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகளும் நோயின் போக்கைத் தாமதப்படுத்தவில்லை என்று 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டது.

வந்த நோயைத் தீர்ப்பது வேறு, வருமுன் காப்பது வேறு. இம்மருந்துகள் நடுவயதில் சர்க்கரையையும் எடையையும் காத்துப் பிற்கால மறதியைக் குறைக்குமா என்பது தனிக் கேள்வி. மேற்சொன்ன தோல்விகள் அதற்கு விடையாகா. தேங்காய் எண்ணெயைத் தினமும் குடித்தால் மறதி மாறும் என்ற பேச்சுக்குச் சான்று இல்லை. கொழுப்பு மிகுந்தவருக்கு அது தீங்கும் செய்யும்.

14. சரி, மருந்தைத் தவிர வீட்டுல என்ன செய்யலாம்?

பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையுள்ள, ஆபத்துக் காரணிகள் கொண்ட 1,260 பேரிடம் 'ஃபிங்கர்' என்னும் ஆய்வை நடத்தி 2015இல் வெளியிட்டார்கள். ஒரு பாதியினருக்கு உணவு, உடற்பயிற்சி, மூளைக்கான பயிற்சி, அழுத்தம்–சர்க்கரைக் கண்காணிப்பு ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குப் பொது அறிவுரை மட்டும். இரண்டாண்டு முடிவில் முதல் பிரிவினரின் சிந்தனைத் திறன் 25 சதவீதம் அதிகமாக மேம்பட்டிருந்தது. 2025இல் வெளியான அமெரிக்க ஆய்விலும், ஒழுங்கான திட்டமும் துணையும் பெற்றவர்கள், தாமே பார்த்துக்கொண்டவர்களைவிடச் சற்றுக் கூடுதலாக முன்னேறினார்கள். இரண்டிலும் நான் கவனித்தது, எந்த ஒன்றும் தனியே செய்யப்படவில்லை என்பதே.

நம் வீட்டுக்கு இதை மாற்றிச் சொன்னால், மூன்று வேளையும் அரிசியாக இருக்கும் தட்டில் சோற்றைக் குறைத்து, சுண்டல், பருப்பு, கீரை, மீன் ஆகியவற்றைக் கூட்டுவது. ஊறுகாய், அப்பளம், கருவாட்டின் உப்பைக் குறைப்பது. உண்டபின் சாய்ந்துகொள்ளாமல் சிறிது நடப்பது. நடைக்கு ஒரு துணையைத் தேடிக்கொள்வது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. நடக்க இயலாத பெரியவருக்காக அதில் பதிந்துகொள்ள உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

15. மறதி வந்தாச்சு. பேரே சொல்லத் தெரியலை. இனி சுகரைப் பார்த்து என்ன ஆகப்போகுது?

இக்கேள்வி பெரும்பாலும் களைப்பிலிருந்து வருகிறது. சர்க்கரையைக் கவனிப்பதால் போன நினைவு திரும்பாது. ஆயினும் மிக உயர்ந்த சர்க்கரை அடிக்கடி சிறுநீரையும் நீரிழப்பையும் தொற்றையும் தந்து, ஒரே நாளில் குழப்பத்தைப் பன்மடங்காக்கும். தாழ்ந்த சர்க்கரையின் கேட்டை முன்பே சொன்னேன். இரண்டுக்கும் இடையில் அவரைத் துன்பமின்றி வைத்திருப்பதே இப்போது இலக்கு. மாத்திரைப் பொறுப்பை ஒருவர் மட்டும் ஏற்று, கிழமை எழுதிய டப்பாவில் வைத்துத் தம் கையால் கொடுக்க வேண்டும். அவர் உண்ட பிறகே ஊசியோ மாத்திரையோ தரலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பேரன் பிறந்தநாளில் அவர் கேட்கும் ஒரு துண்டு கேக்குக்காகச் சண்டையிட வேண்டியதில்லை.

அடுத்த முறை செல்லும்போது வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எதைச் சேர்க்க வேண்டும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். 'இவற்றில் இவருக்கு இனி எது தேவையில்லை?' என்று கேளுங்கள். என் தாயாருக்காக நான் அதைக் கேட்ட நாளில், ஒன்பது மாத்திரைகள் ஐந்தாயின; இரவு வியர்வையும் நின்றது.